உங்கள் உடம்புக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தீர்களா?

ராத்திரி பத்தே கால் மணி. தட்டில் இரண்டாவது தோசை விழுந்திருக்கிறது. போன் அடிக்கிறது. புது நம்பர். எடுப்பீர்களா, மாட்டீர்களா?

'மாட்டேன்' என்பவர்கள் அடுத்த கட்டுரைக்குப் போகலாம். 'யோசனையே கிடையாது, எடுத்துடுவேன்' என்பவர் அநேகமாக வீடு, மனை வாங்கி விற்றுக்கொடுக்கும் தரகராகத்தான் இருப்பார். இந்தக் கட்டுரை அவருக்காக. அவர் வீட்டம்மா கையில் இந்தப் புத்தகம் கிடைத்திருந்தால் இன்னும் நல்லது.

நான் வைத்தியம் பார்ப்பது தாம்பரத்தை ஒட்டிய பகுதியில். பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று ஜி.எஸ்.டி. ரோடு நெடுகிலும் வயலும் தோப்பும் மனைப்பிரிவாக மாறிய ஊர்கள். அதனால் என்னிடம் வருகிறவர்களில் தரகர்கள் அதிகம். 'மனசு வெந்து போச்சு டாக்டர்' என்று யாரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்செரிச்சல் என்பார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டது என்பார்கள். 'கொஞ்ச நாளா காரணமே இல்லாம கோபம் வருது, பையனைக் கை நீட்டிட்டேன்' என்று ஒருவர் சொன்னார். சர்க்கரை பார்த்தால் சாப்பாட்டுக்கு முன்பே 210. வயசு 38!

விசாரித்தால் எல்லோர் கதையும் ஒரே மாதிரி இருக்கும். காலை டிபன் கிடையாது, டீதான். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கோ நாலு மணிக்கோ. ராத்திரி பதினொரு மணிக்குப் பரோட்டா. தலைமாட்டில் போன்.

கடன் வாங்கி வீடு வாங்குகிறவர், கிரயத்துக்கு முன்னால் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். தாய்ப்பத்திரம், பட்டா, சிட்டா, வரி ரசீது எல்லாம் கேட்கிறார். அதையெல்லாம் அலைந்து எடுத்துக் கொடுக்கிறவர் நீங்கள். உங்கள் உடம்புக்குக் கடைசியாக எப்போது வில்லங்கம் போட்டீர்கள்?

களைப்பு வேலையால் வருவதில்லை

இதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். 'ஒரு நாளைக்கு எண்பது கிலோமீட்டர் வண்டி ஓட்டறேன், எனக்கா வேலை இல்லை?' என்பீர்கள். ஒரு கொத்தனாரைப் பாருங்கள். வெயிலில் எட்டு மணி நேரம் உடம்பை முறித்து வேலை செய்கிறார். சாயந்தரம் சுவர் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று அவர் கண்ணுக்குத் தெரிகிறது, கூலி கைக்கு வருகிறது. படுத்தால் தூங்குகிறார். காலையில் களைப்பு போய்விடுகிறது.

தரகர் வேலை அப்படி இல்லை. பத்துப் பேருக்கு வீடு காட்டினால் ஒன்பது பேர் 'வீட்டுல கலந்துட்டுச் சொல்றோம்' என்று போகிறார்கள். ஒருவர் விலை பேசுகிறார். வங்கிக்கடன் கிடைக்குமா என்று இரண்டு வாரம் ஓடுகிறது. அதற்குள் வீட்டுக்காரர் இன்னும் இரண்டு லட்சம் வேண்டும் என்கிறார். அல்லது வாங்குகிறவரின் மைத்துனர் வந்து 'வாஸ்து சரியில்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். 60 லட்சம் ரூபாய் ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதவீதம் கமிஷன் 60,000. நடுவில் இன்னொரு தரகர் இருந்தால் அதில் பாதி. நாலு மாத அலைச்சலுக்கு முப்பதாயிரம், அதுவும் பத்திரம் பதிவாகும் நிமிஷம் வரை உறுதி கிடையாது. சில பார்ட்டிகள் பதிவு முடிந்ததும் போனையே எடுப்பதில்லை.

ஆக, இந்தத் தொழிலில் உடம்பைத் தின்பது காத்திருத்தல்தான். நடக்குமா, நடக்காதா என்று தெரியாமல் காத்திருக்கும்போது உடம்பு ஓயாமல் தயார் நிலையில் நிற்கிறது. நெஞ்சு படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, சர்க்கரை ஏறுகிறது, தூக்கம் மெலிகிறது. புலி துரத்தினால் ஓடித் தப்பிக்கக் கடவுள் கொடுத்த ஏற்பாடு அது. ஐந்து நிமிஷத்துக்கு உதவும். ஐந்து வருஷத்துக்குத் தாங்காது.

போனை ஏன் கீழே வைக்க முடியவில்லை என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்க உளவியல் அறிஞர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். அலகால் கொத்தினால் தானியம் விழும் ஒரு பெட்டி. கொத்தும்போதெல்லாம் தானியம் விழுந்தால் புறா பசிக்குக் கொத்திவிட்டு ஓய்ந்துவிடும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி செய்தால் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். தானியத்தை நிறுத்தின பிறகும் நெடுநேரம் கொத்தும். புது நம்பர்களில் எந்த நம்பர் நிஜமாக வாங்குகிற பார்ட்டி என்று தெரியாத வரை, நாமும் கொத்திக்கொண்டுதான் இருப்போம். இது பேராசை இல்லை. மூளையின் இயல்பு. அதனால்தான் 'போனைக் கொஞ்சம் வைங்களேன்' என்று மனைவி சொன்னால் மட்டும் நடக்கவில்லை.

வெந்து போவது என்றால் என்ன?

1974-ல் நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், இலவச மருத்துவமனையில் ராப்பகலாக உழைத்தவர்கள் உள்ளுக்குள் எரிந்து சாம்பலாகிப் போவதைப் பார்த்து எழுதினார். அதற்கு 'பர்ன் அவுட்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் இதைக் குறிப்பிட்டது. நோய் என்று அல்ல. வேலையால் வரும் ஒரு நிலை என்று. மூன்று அடையாளங்கள். ஒன்று, சக்தி வடிந்துபோதல். இரண்டு, வேலை மேலேயே வெறுப்பும் விலகலும். மூன்று, 'நம்மால ஒண்ணும் ஆகலை' என்ற எண்ணம்.

முதலாவதை எல்லோரும் கவனிக்கிறார்கள். இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை. ஒரு பார்ட்டி வண்டியை விட்டு இறங்கும்போதே 'இவன் எங்க வாங்கப்போறான்' என்று மனசுக்குள் வருகிறதா? நல்ல வீட்டைக் காட்டும்போதும் குரலில் உயிர் இல்லையா? முன்பெல்லாம் சமையல் மேடையின் உயரம் வரை ஆசையாகச் சொன்னவர், இப்போது சாவியைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்கிறீர்களா? அப்படியானால் இரண்டாவது கட்டம் வந்துவிட்டது.

பதினான்கில் எத்தனை அடக்குகிறீர்கள்?

சித்த மருத்துவத்தில் 14 வேகங்கள் என்று ஒரு பாடம் உண்டு. பாளையங்கோட்டைக் கல்லூரியில் படித்த காலத்தில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், மூச்சு. உடம்பு தானாக எழுப்பும் இந்தப் பதினான்கையும் வலுக்கட்டாயமாக அடக்கினால், ஒவ்வொன்றுக்கும் இன்னின்ன நோய் வரும் என்று நம் நூல்கள் சொல்கின்றன. படிக்கும்போது எனக்கு இது பழைய காலத்துப் பட்டியலாகத்தான் தோன்றியது. தரகர்களைப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் இதன் அருமை தெரிந்தது. ஒரு நாளில் ஐந்தாறு வேகங்களையாவது அடக்காத தரகரை நான் பார்த்ததில்லை.

பசியை எடுத்துக்கொள்ளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதினோரு மணிக்கு டோக்கன். வாங்குகிறவர், விற்கிறவர், சாட்சிகள் எல்லோரையும் கூட்டி வந்தாயிற்று. முகூர்த்த நாள் என்றால் கூடுதல் டோக்கன் கொடுப்பார்கள், கூட்டமும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது. ராகு காலத்துக்கு முன்னால் முடியுமா என்று பெரியவர் ஒருவர் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் பசி வந்தால் என்ன செய்வீர்கள்? ஒரு டீ. பசி அடங்கிவிடும். வயிற்றில் சுரந்த அமிலம் அடங்காது. இப்படி அடக்கிய பசி ராத்திரி பதினொரு மணிக்கு வட்டியோடு வருகிறது. அப்போது நாலு பரோட்டா, சால்னா, ஆம்லெட். சாப்பிட்ட கையோடு படுக்கை. நெஞ்செரிச்சல் வராமல் என்ன செய்யும்?

பையில் பத்திரங்களோடு இரண்டு வாழைப்பழம், ஒரு கை வறுத்த வேர்க்கடலை அல்லது பொட்டுக்கடலை வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்காரர்கள் பழத்துக்குப் பதில் சுண்டல் வைத்துக்கொள்ளலாம். சின்ன பாட்டிலில் மோர், இஞ்சி தட்டிப் போட்டு. பதிவு அலுவலகத்து வாசலில் நின்றுகொண்டே சாப்பிடலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ராத்திரி வீடு திரும்ப ஒன்பது மணிக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால், எட்டு மணிக்கே எங்கே இருக்கிறீர்களோ அங்கே நாலு இட்லி சாப்பிட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் கஞ்சியோ ரசம் சாதமோ போதும்.

அந்த டீயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பார்ட்டி வந்தால் ஒரு டீ, வீட்டுக்காரர் வந்தால் ஒரு டீ, சக தரகரைப் பார்த்தால் ஒரு டீ. எட்டு டீ சாதாரணம். டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் பதினாறு ஸ்பூன், குத்துமதிப்பாக 80 கிராம் சர்க்கரை. சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். டீயை விடச் சொன்னால் தொழிலையே விடச் சொல்கிற மாதிரி. அதனால் அப்படிச் சொல்ல மாட்டேன். சர்க்கரை இல்லாமல் குடியுங்கள், மூன்றோடு நிறுத்துங்கள், சாயந்தரம் ஐந்து மணிக்குப் பிறகு வேண்டாம். மற்ற நேரத்தில் பார்ட்டிக்கு டீ, உங்களுக்கு மோரோ எலுமிச்சைச் சாறோ வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிறுநீர். இது இந்தத் தொழிலில் இருக்கும் பெண்களின் பெரிய அவஸ்தை. வாடகை வீடு பார்த்துக் கொடுக்கும் ஒரு பெண்மணி, ஒரே வருஷத்தில் நாலு தடவை நீர்க்கடுப்போடு வந்தார். மருந்து கொடுத்தால் சரியாகும், இரண்டு மாதத்தில் திரும்ப வரும். 'தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்கம்மா?' என்று கேட்டேன். 'வீட்டை விட்டுக் கிளம்பினா குடிக்கிறதே இல்லை சார். குடிச்சா எங்க போறது?' என்றார். நியாயமான கேள்விதான். காலி மனையில் நின்றுகொண்டு அவர் எங்கே போவார்? தாகத்தையும் அடக்கி, சிறுநீரையும் அடக்கி, வெயிலில் நின்றால் நீர்த்தாரை புண்ணாகும், கல் சேரும், சந்துகள் நோகும்.

அவருக்கு மருந்தைவிட ஒரு வரைபடம்தான் உதவியது. தான் சுற்றும் ஏரியாவில் எந்தப் பெட்ரோல் பங்க், எந்த ஓட்டல், எந்த வாடிக்கையாளர் வீடு என்று ஆறு இடங்களைக் குறித்துக்கொண்டார். பெட்ரோல் பங்க்கில் கழிப்பறையை இலவசமாக உபயோகிக்க விட வேண்டும் என்பது விதி, தயங்காமல் கேட்கலாம். இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர், வாரத்தில் மூன்று நாள் சிறுகீரை, இரண்டு நாள் நெருஞ்சில் குடிநீர். நின்றுவிட்டது. (எரிச்சலோடு குளிர் காய்ச்சலும் இடுப்பு வலியும் வந்தால் கைமருந்தில் இறங்காதீர்கள். சிறுநீர் பரிசோதனை செய்து உடனே மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தண்ணீர் அளவைத் தங்கள் டாக்டரிடம் கேட்டுத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.)

கண்ணீர் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். கண்ணீரையும் அடக்கக் கூடாது என்றுதான் நம்முடைய முன்னோர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் அலைந்த டீல் கடைசி நாளில் உடைந்துபோனால், பார்ட்டி முன்னால் சிரித்துக்கொண்டே 'பரவாயில்ல சார், அடுத்ததைப் பார்ப்போம்' என்கிறீர்கள். அது தொழில் மரியாதை. ஆனால் வீட்டுக்கு வந்தும் அதே சிரிப்பா? வீட்டில் ஒருவரிடமாவது 'இன்னிக்கு ஒண்ணு போயிடுச்சு' என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விழுங்கினால்தான் மறுநாள் பையன் முதுகில் இறங்குகிறது.

ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை

'சாயந்தரம் ஆறு மணிக்குப் போனை அணைத்து வையுங்கள்' என்று எழுதுகிறவர்கள் தரகு செய்து பார்த்ததில்லை. உங்கள் பார்ட்டியே ஆபீஸ் முடிந்து எட்டு மணிக்குத்தான் பேச ஆரம்பிக்கிறார். அதனால் ராத்திரி ஒன்பது வரை போன் உங்கள் தொழிலுக்கு. ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை உங்கள் உடம்புக்கு. நடுவில் சாப்பிடும் இருபது நிமிஷமும் அப்படியே.

'பார்ட்டி வேற ஆளுகிட்ட போயிடுவான் டாக்டர்!' இதைச் சொல்லாதவர் கிடையாது. யோசித்துப் பாருங்கள். ஆயுசு பூராவும் சேர்த்து, இருபது வருஷத்துக்குக் கடன் போட்டு, ஒருவர் வீடு வாங்குகிறார். அவர் பத்து மணி நேரம் காத்திருக்க மாட்டாரா? காத்திருக்காதவர், பத்துத் தரகர்களுக்கு ஒரே நேரத்தில் போன் போட்டு விலை மட்டும் கேட்கிறவர். 'வணக்கம், காலை எட்டு மணிக்கு நானே கூப்பிடுகிறேன்' என்று ஒரு செய்தியை எழுதி வைத்து, ராத்திரி வரும் அழைப்புக்கெல்லாம் அதை அனுப்பிவிடுங்கள். காலையில் எட்டு மணிக்குத் தவறாமல் கூப்பிடுங்கள். சொன்ன நேரத்துக்குக் கூப்பிடுகிற தரகர் என்ற பெயர் வந்தால் அது பெரிய சொத்து.

தூக்கத்தை அடக்கினால் தலைக்கனம், கண் எரிச்சல், தெளிவில்லாத பேச்சு எல்லாம் வரும் என்பது நம் நூல்களின் கணக்கு. படுக்கையில் போன் வெளிச்சம் கண்ணில் விழுந்துகொண்டிருந்தால் தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பு தள்ளிப்போகிறது என்பது இன்றைய மருத்துவத்தின் கணக்கு. போனைச் சமையலறையில் சார்ஜ் போடுங்கள். விடிய எழுப்புவதற்குப் பத்துக்கடை அலாரம் ஒன்று வாங்கிக்கொண்டால் போகிறது.

பதிவு முடிந்த அன்று ராத்திரி 'பார்ட்டி' வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. சாராயம் தூக்கம் தரும் என்று நம்பாதீர்கள். அது மயக்கம். மூன்று மணிக்கு விழிப்பு வந்து நெஞ்சு அடித்துக்கொள்ளும். வண்டி ஓட்டி வீடு திரும்புகிறவர்களைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை யாருக்கும் வேண்டாம், உங்களுக்கு வேண்டும்

ஊருக்கெல்லாம் ஞாயிறு லீவு. உங்களுக்கு ஞாயிறுதான் உச்சம். மனைப்பிரிவு போட்டவர் வேன் வைத்து, மதியச் சாப்பாடு போட்டு, குடும்பம் குடும்பமாக ஆட்களை அழைத்து வருவார். அன்றைக்கு ஓய்வெடு என்றால் நடக்குமா? ஆனால் செவ்வாய்க்கிழமை சொத்து வாங்கப் பேச நம் ஜனங்களில் பலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் சரியா தப்பா என்ற வாதம் நமக்கு எதற்கு? ஊர் கொடுக்கிற ஓய்வை எடுத்துக்கொள்ளுங்கள். முழு நாள் முடியாவிட்டால் மதியம் வரை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் நீங்களே விடுங்கள்.

அன்று காலை நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளியுங்கள். ஆண்களுக்குப் புதனும் சனியும்தானே, செவ்வாயில் தேய்க்கலாமா என்று மாமியார் கேட்பார். தேரையர், நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய் முழுக்கைத் தவறவிடாதே என்றுதான் சொல்லியிருக்கிறார். டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள். அலைச்சலும் வெயிலும் சேர்ந்து ஏற்றிவிட்ட வாதமும் பித்தமும் அடங்க எண்ணெய்க் குளியலுக்கு ஈடு இல்லை. தேய்த்துப் பதினைந்து இருபது நிமிஷம் ஊறினால் போதும். அன்று பகல் தூக்கம் வேண்டாம், தயிர், குளிர்பானம் வேண்டாம். காய்ச்சல், சளி இருந்தால் எண்ணெயைத் தள்ளிப்போடுங்கள்.

ஆடியைப் பார்த்துப் பயம் எதற்கு?

ஆடியும் மார்கழியும் வந்தால் தரகர் முகம் சுருங்கிவிடும். ஆடிப்பெருக்கு தவிர்த்து அந்த மாதத்தில் கிரயம் குறைவு, வீடு மாறுகிறவர்களும் குறைவு. வருமானம் இல்லாத மாதங்களில்தான் நெஞ்சுப் படபடப்பும் தூக்கமின்மையும் அதிகம் வருகின்றன என்பது என் அனுபவம். 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இரண்டு மாதத்தில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. அந்த வருஷக் கடைசியில் என்னிடம் வந்த தரகர்களின் நாடியைப் பிடித்தால் குதிரை ஓட்டம். 2020 ஊரடங்கிலும் அப்படியே.

அவர்களில் ஒருவருக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது என் சூரணம் மட்டுமல்ல. கமிஷன் எவ்வளவு வந்தாலும் ஒரே கணக்கில் போட்டார். அதிலிருந்து மாதம் முதல் தேதி ஒரு குறிப்பிட்ட தொகை, சம்பளம் மாதிரி, மனைவி கணக்குக்குப் போகும். மூன்று மாதச் சம்பளம் கணக்கில் சேரும் வரை புது வண்டி கிடையாது, அடுத்தவர் டீலில் கைக்காசு போடுவது கிடையாது. நாலைந்து மாதம் ஆயிற்று. 'ஆடி வருதே' என்று அவர் சொல்வதை நிறுத்தினார். மருந்து எழுத வேண்டியவன் பாங்க் கணக்கு எழுதுகிறானே என்று சிரிப்பீர்கள். காத்திருத்தலின் கூர்மையைக் குறைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆடியைப் பரிசோதனை மாதமாக வைத்துக்கொள்ளலாம். ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, கண். உங்கள் வில்லங்கச் சான்று அதுதான். முடித்துவிட்டுக் குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய் வாருங்கள். போகிற வழியில் 'இந்த ஏரியாவில் சென்ட் என்ன ரேட்' என்று கேட்காமல் வர முடிந்தால் விசேஷம்.

தூக்கமில்லாமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. கூடுவாஞ்சேரிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். என்ன மருந்துக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை வந்தபோதுதான் சொன்னார். ஒரு மனைக்கு டோக்கன் அட்வான்ஸ் வாங்கியாயிற்று. விற்கிறவரின் தங்கைக்கும் அதில் பங்கு இருக்கிறது, அவர் கையெழுத்துப் போடவில்லை. பார்ட்டிக்குத் தெரியாது. அட்வான்ஸில் பாதி செலவாகிவிட்டது. இதற்கு எந்த மூலிகையில் மருந்து இருக்கிறது? பார்ட்டியிடம் போய் உள்ளதைச் சொன்னார். திட்டு வாங்கினார், பணத்தைத் தவணையில் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் கொடுத்த மருந்து வேலை செய்தது! 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு பெற்ற திட்டங்களில் விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட்டும் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்துவிட்டு, சிக்கலான சொத்தைத் தொடாமல் இருந்தாலே ராத்திரி பாதிக் கவலை இல்லை.

மருந்து என்று கேட்பவர்களுக்கு

அமுக்கரா சூரணம் ஒரு கிராம் முதல் இரண்டு கிராம் வரை ராத்திரி இளஞ்சூடான பாலில் சாப்பிட்டால் அலைச்சல் களைப்பும் தூக்கமின்மையும் குறையும். ஆனால் தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரைக்கோ தூக்கத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சித்த மருத்துவரை நேரில் கேட்காமல் தொடக் கூடாது. வயிற்றெரிச்சலுக்குச் சீரகத் தண்ணீர். தினம் ஒரு பெரிய நெல்லிக்காய். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை 'சித்த மருந்து ஆரம்பிச்சாச்சே' என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்திவிட்டு வந்தவர்களை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

மாடிப்படி ஏறி வீடு காட்டும்போது நெஞ்சு இறுக்கம், இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, சில்லென்று வியர்வை வந்தால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு நிற்காதீர்கள். பார்ட்டியை அப்படியே விட்டுவிட்டு 108-க்குப் போன் பண்ணுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. 'வாரத்துல ஏழு நாளும் வீட்டுலதான் சாப்பிடறாரு டாக்டர், என்ன சாப்பிட்டாருன்னு கேட்டா சொல்லத் தெரியாது' என்று ஒரு அம்மா குறைப்பட்டுக்கொண்டார். இப்படிப்பட்ட நிலையில் போனைப் பிடுங்கினால் சண்டைதான் வரும். 'இன்னிக்கு எத்தனை பேருக்குக் காட்டினீங்க, எவ்வளவு வரும்' என்று வாசலிலேயே கேட்காதீர்கள். முதலில் தண்ணீர் கொடுங்கள். கணக்கு மறுநாள் காலையில் இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், யாரோடும் பேசாமல், 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்ற பேச்சு வந்தால் அதைக் கோபப் பேச்சு என்று ஒதுக்கிவிடக் கூடாது. தனியாக விடாதீர்கள். மனநல மருத்துவரிடம் கூடவே போங்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாக மனநல ஆலோசனை கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். அவர் பேசத் தயங்கினால் நீங்களே முதலில் போட்டுப் பேசுங்கள்.